யார்ன் பவுல்ல நூல் மாட்டுது, என்ன பண்ண?

சக்கரத்துல செஞ்ச மண் யார்ன் பவுல் (நூல் உருண்டை வைக்கிற கிண்ணம்) வாங்கினேன், பார்க்க அவ்ளோ அழகு, ஆனா குரோஷே போடும்போது நூல் வெளிய வர்ற அந்த சுருள் வெட்டுல நூல் மாட்டி மாட்டி பிசிறடிக்குது, வேகமா இழுத்தா பவுலும் கூடவே வருது 😩

பதில்: வெட்டோட உள்விளிம்ப விரலால தடவிப் பாருங்க, கிளேஸ் (கண்ணாடி மாதிரி மேல்பூச்சு) துளி முள்ளு மாதிரி நிக்கும். நானும் பவுல் செய்றவதான், மண்ணு தோல் பதத்துல, அதாவது பாதி காஞ்சு இருக்கும்போதே வெட்டி ஈர ஸ்பாஞ்சால மழுக்கிடணும், சுட்டப்புறம் பெரிய பாடு. இப்போ தண்ணி தொட்டுத் தொட்டு டைமண்ட் ஃபைலால (வைரத்தூள் பதிச்ச அரம்) லேசா தேய்ங்க, காஞ்சபடி தேய்ச்சா அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பதில்: அடியில ரப்பர் பேட் ஒட்டுங்க, அவ்ளோ சுலபமா நகராது. 100 கிராம் உருண்டை உள்ள தாராளமா சுத்துதா? இடம் பத்தலைனாலும் இழுக்கும்.

கேட்டவர்: தடவினேன், முள்ளேதான்! உருண்டையும் டைட்டா தான் இருக்கு, பாதி சுத்தி போட்டுப் பாக்குறேன்.