ஒரே வேலை, ஊருக்கொரு சம்பளம்: சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பகிரும் அனுபவங்கள்

ஈசூன் ஆசிரியை எழுதியது:

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து என் சித்தி மகள் வந்திருந்தாள். அவள் அங்கே சிறப்புப் பயிற்றுநர். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு சிறப்புக் கல்விப் பள்ளியில் தொடக்கநிலை வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். தேக்காவில் சுற்றிவிட்டுக் கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும் பேச்சு சம்பளத்துக்குப் போய்விட்டது.

"அக்கா, சிங்கப்பூர்ல எந்தப் பக்கம் வேலை பார்த்தா சம்பளம் கூட?" என்று கேட்டாள்.

இங்கே அப்படி இல்லை என்றேன். ஜூரோங்கில் இருந்தாலும் சாங்கியில் இருந்தாலும் அதனால் சம்பளம் மாறாது. யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதுதான் கணக்கு. வழக்கமான தொடக்கப்பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவும் அதிகாரிகள் கல்வி அமைச்சின் ஊழியர்கள். என்னைப் போன்றவர்கள் பள்ளியை நடத்தும் சமூக சேவை அமைப்பின் ஊழியர்கள். அமைச்சு நிதி தருகிறது, அமைப்பு நன்கொடையும் திரட்டுகிறது, சம்பளச் சீட்டு அமைப்பிடமிருந்து வருகிறது. நான் இரண்டு அமைப்புகளில் இருந்திருக்கிறேன். அதே தேசியக் கல்விக் கழக டிப்ளோமாவுக்கும் அதே அனுபவத்துக்கும் இரண்டு இடத்திலும் ஒரே தொகை வரவில்லை. மாதம் சில நூறு வெள்ளி வித்தியாசம். சேமநிதியையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை.

2019 முதல், மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். பிள்ளை பள்ளிக்கு வருவது கட்டாயம் என்றால், சொல்லிக்கொடுப்பவர் அங்கேயே நிலைத்திருப்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். சம்பளத்தைப் பற்றி நான் பேசுவது அதனால்தான்.

அப்புறம் அவள் கதையைச் சொன்னாள். ஓர் அரசுத் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியம். கிரேடு, ஊதிய உயர்வு என்று எதுவும் இல்லை. வாரத்தில் நான்கு பள்ளிகளுக்குப் போகிறாள், வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு. அவள் தோழி மத்திய அரசுப் பள்ளி ஒன்றில் நிரந்தரத் தொடக்கநிலை ஆசிரியை. அங்கே ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்தது. 2024 ஜனவரியிலிருந்து சென்னையில் 30 விழுக்காடு, திருச்சியில் 20, சிறிய ஊர்களில் 10. அதாவது 10,620, 7,080, 3,540. காகிதத் துடைப்பானிலேயே எழுதிக் காட்டினாள். "இந்த மூணு கணக்குலயும் நான் இல்ல அக்கா" என்றபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் தனக்கு வேண்டியதைத் தொட்டுக் காட்டுவதற்காக அவள் செய்த அட்டை. பால் கவர், பிஸ்கட் உறை, சோப்பு உறை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டியிருந்தாள். "படம் வரைஞ்சு காட்டினேன், அவனுக்குப் புரியல. அவங்க வீட்டுப் பால் கவரையே வெட்டி ஒட்டினேன். கை வச்சுட்டான்." எங்கள் பள்ளியில் இதே வேலைக்குக் கணினியில் படம் எடுத்து, அச்சிட்டு, இயந்திரத்தில் பிளாஸ்டிக் உறை போடுவோம். எங்கள் அட்டைகளைவிட அவளுடையது நன்றாக இருந்தது. மனதாரச் சொல்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

லண்டன் போய் வந்தவர் எழுதியது:

கணவருக்கு மாற்றல் கிடைத்து மூன்று ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தேன். அங்கே சம்பள அட்டவணையே ஊரை நான்காகப் பிரித்துத்தான் இருக்கும்: உள் லண்டன், வெளி லண்டன், லண்டன் ஓரம், மற்ற இடங்கள். 2023 செப்டம்பர் அட்டவணைப்படி புதிய ஆசிரியருக்கு உள் லண்டனில் ஆண்டுக்கு 36,745 பவுண்டு, லண்டனுக்கு வெளியே தொலைவில் 30,000. சிறப்புப் பள்ளியில் இருந்தால் அதற்கு மேல் தனிப்படி உண்டு, அதே அட்டவணையில் 2,539 முதல் 5,009 பவுண்டு வரை. இந்தப் படி லண்டன், லீட்ஸ் என்று பார்ப்பதில்லை, எங்கும் அதே வரம்புதான்.

கூடுதல் தொகையைப் பார்த்து லண்டனில் சேர்ந்தேன். வாடகையும் ரயில் கட்டணமும் போக மீதி என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு வடக்கே போனோம். சம்பளம் இறங்கியது, ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு நின்றது. ஊரை வைத்து மட்டும் சம்பளத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எனக்குப் பிடித்தது அந்தத் தனிப்படிதான். இந்த வேலை கூடுதல் உழைப்பு கேட்கும் என்று சம்பளச் சீட்டிலேயே தனியாகக் காட்டியிருந்தார்கள். முதல் மாதம் அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

பொங்கோல் அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை. என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு இல்லை. இரண்டு ஆண்டுகளில் மூன்று ஆசிரியர்களைப் பார்த்துவிட்டான்.

இரண்டாவது டீச்சர் அவனுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். கழிவறைக்குப் போகவேண்டும் என்றால் டீச்சரின் மணிக்கட்டை இரண்டு முறை தட்ட வேண்டும். நான்கு மாதம் ஆனது அதற்கு. பிறகு அவர் போய்விட்டார். வேறிடத்தில் சம்பளம் கூட என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் கோபமில்லை, அவருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை இருக்கும். புதிய டீச்சர் வந்த வாரம் இவன் போய் மணிக்கட்டைத் தட்டியிருக்கிறான். கையைப் பிடிக்கச் சொல்கிறான் என்று நினைத்து அவர் அன்பாகக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் தினமும் பையில் ஈரக் காற்சட்டை மடித்து வந்தது. வெள்ளிக்கிழமைதான் எனக்கே உறைத்தது, உடனே டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன்.

ஈசூன் ஆசிரியை எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் வகுப்பில் உள்ள ஏழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தாள் எழுதத் தொடங்கிவிட்டேன். எந்தச் சைகைக்கு என்ன பொருள், எந்தச் சத்தம் வந்தால் பசி, எந்தச் சத்தம் வந்தால் வலி. நான் விடுப்பில் போனாலும் அடுத்து வருபவர் கையில் அது இருக்கும்.

சம்பள விஷயத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம், அதாவது அரசுப் பள்ளிகளுக்கு ஒரே நிர்வாகம். 2020 ஜனவரியிலிருந்து அங்கே சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், ஆள் கிடைக்காத குறையைப் போக்க. அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி மாவட்டம்தான் சம்பளம் வைக்கிறது. அதனால் ஒரு சாலையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போனாலே சம்பளம் மாறிவிடலாம். ஹவாயைப் போல ஒரே அமைப்பாக இருக்கும் சிறிய இடத்தில் இப்படி ஒரு முடிவை எடுப்பது எளிது. நம் தீவும் சிறியதுதான். இங்கும் 2020 முதல் சிறப்புக் கல்வி ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்த அமைச்சு கூடுதல் நிதி தந்திருக்கிறது, எனக்கும் அது கிடைத்தது. அமைப்புக்கு அமைப்பு உள்ள இடைவெளியும் மறைந்தால் ஆசிரியர்கள் பள்ளி மாறுவது குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சித்தி மகள் ஊருக்குக் கிளம்பும்போது சாக்லெட் வேண்டாம், வெல்குரோ வாங்கிக்கொடு என்றாள். முஸ்தஃபாவில் ஆறு சுருள் வாங்கிக்கொடுத்தேன். பால் கவரை எல்லாம் கழற்றி ஒட்டும்படி மாற்றிவிட்டாளாம். வெள்ளிக்கிழமைகளில் பஸ் காசு மட்டும் இன்னும் அவள் கையிலிருந்துதான் போகிறது. ஊரில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் உறவினர் யாராவது இங்கே இருந்தால், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதற்குப் பயணப்படி எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அவளுக்கு அனுப்ப வேண்டும்.