ராப்பர் வாளாட்டம்: நட்சத்திரப் பூட்டு நிக்குதில்ல, எங்க பிழை?

களுதாவளை_டீச்சர்:

வணக்கம். இங்கிலாந்தின்ட வடகிழக்கில நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆடிவந்த ராப்பர் வாளாட்டத்தை உயர்தரப் பிள்ளைகள் அஞ்சு பேருக்குப் பழக்கிறம். வாள் அஞ்சும் பட்டறையில செய்தது. ஒரு அங்குல அகலச் சாதா இரும்புப் பட்டை, 2 மில்லிமீற்றர் தடிப்பு, பிடிக்குப் பிடி 24 அங்குலம். ரெண்டு பிடியும் ஆணி அடிச்சு இறுக்கினது.

சிக்கல் மூணு. ரெண்டு தரம் வளைச்சா வாள் வளைஞ்சபடியே நிக்குது. கடைசியில அஞ்சையும் நட்சத்திரமாப் பின்னித் தூக்கக்குள்ள ஒரு பக்கம் கழண்டு விழுது. வாளுக்குக் கீழால புகுந்து திரும்பக்குள்ள பிள்ளைகளுக்கு மணிக்கட்டு முறுகுது.

மத்தளத்தோட ஆடலாமா? சுரங்கக் குதிரையின்ட வேர்வையை வழிக்கிற தகட்டில இருந்துதான் இந்த வாள் வந்தது எண்டு அறிமுகத்தில சொல்லலாமா?

பட்டறைவேலை:

டீச்சர், மூணில ரெண்டு சிக்கல் வாளில இருக்கு, பிள்ளைகளில இல்ல. சாதா இரும்பு வளைஞ்சா திரும்பி வராது. ராப்பர் வாளுக்கு ஸ்பிரிங் ஸ்டீல்தான் வேணும். அகலம் ஒரு அங்குலம் அல்லது கொஞ்சம் கூட, தடிப்பு 1 மில்லிமீற்றர் மட்டில. 2 மில்லிமீற்றர் ஸ்பிரிங் ஸ்டீல் எண்டாலும் பிள்ளைகளின்ட கைக்கு வளையாது. நீளம் சரி, அதை மாத்த வேணாம்.

மரக்காலையில மரம் அரியிற பேண்ட்சோ பட்டை கழிச்சுப் போட்டது கிடந்தா அதையும் எடுக்கலாம், ஒரு அங்குலத்துக்குக் கிட்டின அகலம் எண்டா மட்டும். பல்லை அரைக்கக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு, தண்ணியில நனைச்சு நனைச்சு எடுக்கோணும். விளிம்பு நீல நிறமாகிட்டா அந்த இடத்தில பதம் போயிட்டு, பிறகு அதிலதான் வளைஞ்சு நிக்கும். அரைச்ச விளிம்பை அரத்தால உருட்டி, எமரித் தாளும் போடுங்க. கையை அழுத்தி இழுத்தாலும் கீறக்கூடாது.

வெல்டிங் வேண்டவே வேணாம். வெல்ட் பிடிச்ச இடத்துக்குப் பக்கத்தில இரும்பு மொரமொரப்பாகி, நல்லா வளைக்கிற நேரம் பட்டெண்டு முறியும். முறியிற துண்டு தெறிக்கிற உயரம் பக்கத்து ஆளின்ட கண்ணுக்கு நேர. ஓட்டை போட்டு ரிவிற் அடிங்க. ஸ்பிரிங் ஸ்டீலில ட்ரில் இறங்காது. அதால நுனி ஒரு அங்குலத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள்ள புதைச்சு ஆறவிட்டா இளகும். இளகின பகுதி முழுக்கப் பிடிக்குள்ள போகோணும், வெளியில தெரிஞ்சா அங்கயும் வளைஞ்சு நிக்கும். ஓட்டையின்ட வாயைப் பிசிறில்லாம அரத்தால எடுங்க. வெடிப்பு முதல்ல அங்கதான் தொடங்கும்.

மணிக்கட்டு முறுகிறதுக்குக் காரணம் ரெண்டு பிடியும் இறுகிக் கிடக்கிறது. ராப்பர் வாளில ஒரு பிடி இறுக்கம், மற்றப் பிடி தன்ட அச்சில சுழலும். 6 மில்லிமீற்றர் கம்பியின்ட ஒரு முனையை ஆக்சோ வாளால பிளந்து, பட்டையை அதுக்குள்ள செருகி ரெண்டு சின்ன ரிவிற் அடிங்க. 4 அங்குல மரப்பிடியில நெடுக்கா 7 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு, கம்பியை அதுக்குள்ளால விட்டு, அடியில வாஷர் வச்சு லொக் நட் பூட்டுங்க. அது தளர்ந்தா ஆட்டத்தில பிடி கையோட வந்திரும், ஒவ்வொரு நாளும் தட்டிப் பாக்கோணும்.

செய்து முடிஞ்சதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாளை வில்லு மாதிரி வளைச்சு ரெண்டு பிடியையும் கிட்டக் கொண்டு வந்து விடுங்க. மேசையில வச்சா தட்டையாப் படுக்கோணும். ஒரு நூல் தூக்கி நிண்டாலும் அந்த வாள் சரிவராது.

நம்மட கடற்கரைக் காத்துக்கு ஒரு கிழமையில துரு பிடிக்கும். துரு தின்ன குழியிலயும் வெடிப்பு விழும். தையல் மெசின் எண்ணெய் துணியில தொட்டுப் பூசினாப் போதும். தேங்காயெண்ணெய் பூசாதீங்க, பிசுபிசுத்து அழுக்குப் பிடிக்கும்.

வடமோடிக்காரன்:

பூட்டுக்கு வாறன். ஆங்கிலத்தில இதை 'நட்' எண்டுவாங்க. அஞ்சு வாளும் ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னி, ஒராள் ஒற்றைக் கையால தலைக்கு மேல தூக்கிக் காட்டுற இடம். ஆணியில்ல, கயிறில்ல. வளைஞ்ச பட்டை நிமிர முயற்சிக்கிற இழுவிசைதான் பிடிச்சு வச்சிருக்கு. வளைஞ்சபடி நிக்கிற இரும்பில அந்த விசையே இல்ல. அதால உங்கட பிள்ளைகள் சரியாப் பின்னியிருந்தாலும் கழண்டிருக்கும்.

பின்னல் முறையை முதல்ல மேசையில பழக்குங்க. பனையோலைச் சார்வு அஞ்சு எடுத்து, ஒவ்வொண்டிலயும் ஒரு முனைக்கு மை பூசுங்க, அதுதான் பிடி முனை. நட்சத்திரத்தில ஒவ்வொரு ஓலையும் மற்ற நாலையும் ஒவ்வொரு தரம் குறுக்கறுக்கும், மொத்தம் பத்துச் சந்தி. மை பூசின முனையில இருந்து போனா கீழ, மேல, கீழ, மேல. அஞ்சுக்கும் இதே ஒழுங்கு. பன்பாய் இழைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது அஞ்சு நிமிசத்தில பிடிபடும். ஒரு சந்தியில 'மேல' ரெண்டு அடுத்தடுத்து வந்தா அந்த மூலைதான் கழரும்.

இனி ஆளோட. எல்லாரும் உள்ளுக்குப் பாத்து வட்டமா நிக்கிறாங்க. வலக்கையில தன்ட வாளின்ட பிடி, இடக்கையில இடப்பக்கத்து ஆளின்ட வாள் முனை. இந்தச் சங்கிலி ஆட்டம் முழுக்க அறுபடக்கூடாது. தாளம் விழ, அஞ்சு பேரும் ஒரே நேரம் வலக்கையை இடக்கைக்கு மேலால குறுக்கப் போடோணும். அப்பிடியே நடுவுக்கு நெருங்கி, பிடி முனையை அது அடுத்ததாச் சந்திக்கிற வாளுக்குக் கீழால செருகோணும். ஒராள் இடக்கையை மேல போட்டாலே முழுப் பூட்டும் குலையும், எனவே அந்த ஒரு அசைவை மட்டும் நூறு தரம் செய்விக்கலாம். செருகினதும் இழுத்து இறுக்கி, தூக்கிறவர் ஒரு பிடியை வாங்கின பிறகுதான் மற்றவங்க கையை விடோணும். விரல் சந்திக்குள்ள மாட்டுறது இந்த இடத்திலதான். கட்டைவிரலைப் பட்டையில நீட்டி வைக்க விடாதீங்க.

தாளம்: ராப்பருக்கு ஜிக் மெட்டு, 6/8. ரெண்டு அடி, ஒவ்வொண்டும் மூணாப் பிரியும்: தகிட தகிட. மத்தளக்காரருக்கு இது புதுசில்ல. ஆனா வேகம் நிமிசத்துக்கு 120 முதல் 160 அடி வரைக்கும் போகும். 90 இல தொடங்குங்க. அங்க வாசிக்கிறது பிடில், அக்கோடியன், கொன்சட்டினா. மெட்டு 8 பார் 8 பாராப் போகும் (ஒரு பார் எண்டா ஒரு 'தகிட தகிட'), ஒவ்வொரு கோலமும் அந்த 8 பாருக்குள்ள முடியோணும். அதால மத்தளம் மட்டும் போதாது, மெட்டின்ட திருப்பம் காதில விழுந்தாத்தான் பிள்ளைகளுக்கு அடுத்த கோலத்துக்கு எப்ப மாறுறது எண்டு தெரியும். ஹார்மோனியம் ஒண்டு சேத்துக்கொள்ளுங்க.

கால் வேலையை விட்டிராதீங்க. கோலத்துக்குக் கோலம் நடுவில நிண்ட இடத்தில குதியும் நுனியும் தட்டுற மிதிதான் இந்த ஆட்டத்தின்ட பாதிச் சத்தம். வெறுங்காலில, மணலில அது கேக்காது. கட்டியான அடியுள்ள சப்பாத்தும், தரையில 8க்கு 4 அடிப் பிளைவூட் ரெண்டும் போதும். எட்டடிச் சதுரத்துக்குள்ள அஞ்சு பேரும் ஆடி முடிப்பாங்க. முழங்கை விலாவோட ஒட்டியிருக்கோணும். நம்ம பிள்ளைகள் களரியில விரிஞ்சு ஆடிப் பழகினவங்க, முதல்ல உடைக்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

இன்னொண்டு. ராப்பரில டொமி, பெட்டி எண்டு ரெண்டு பாத்திரம் வரும். டொமி கூட்டத்தோட கதைச்சு ஆட்டக்காரரை அறிமுகம் செய்வார், பெட்டி பெண் வேசம் கட்டின ஆண். நம்ம கூத்தில கட்டியகாரன் செய்யிற வேலைக்குக் கிட்ட. தொடக்கத்தில ஒவ்வொரு ஆட்டக்காரரையும் பாட்டால கூப்பிடுறதும் வழக்கம், நம்ம வரவுப் பாட்டு மாதிரி. அதைத் தமிழில நீங்களே கட்டலாம்.

தைன்_நதிக்கரை:

வரலாற்றுப் பக்கத்துக்குச் சில குறிப்புகள். ராப்பர் வளர்ந்தது நோர்தம்பர்லாந்து, டர்ஹாம் நிலக்கரி வயல்களில். ஏர்ஸ்டன், ஸ்வால்வெல், வின்லேட்டன், நியூபிகின், ஹை ஸ்பென் போன்ற ஊர்களின் பெயரிலேயே குழுக்கள் அறியப்படும். வின்லேட்டனும் ஸ்வால்வெல்லும் குரோலி என்ற இரும்புத் தொழிலதிபரின் ஆலைகளுக்கும் பேர்போனவை.

1769இல் ஜோன் வாலிஸ் நோர்தம்பர்லாந்தைப் பற்றி எழுதிய நூலில், கிறிஸ்மஸ் காலத்தில் இளைஞர் இசையோடு வீடு வீடாகப் போய் வாளாட்டம் ஆடிச் சிறு காணிக்கை பெற்றதைக் குறித்திருக்கிறார். 1911 முதல் 1913 வரை மூன்று பாகமாக வந்த, ஆங்கில நாட்டார் ஆட்டங்களைச் சேகரித்த செசில் ஷார்ப்பின் தொகுப்பில் ஸ்வால்வெல், ஏர்ஸ்டன் ஆட்டங்கள் முறையாக எழுதப்பட்டன. சட்டைக்குக் கீழே அணியும் 'ஹொகர்ஸ்' என்ற முழங்கால் அளவுக் காற்சட்டை சுரங்கத்துக்குள் வேலை செய்யும்போது போட்ட உடை. சுரங்கத்தோடு நேரடியான தொடர்பு கேட்டால் இதைக் காட்டுங்கள்.

குதிரை வியர்வைத் தகட்டுக் கதையை அறிமுகத்தில் உண்மையாகச் சொல்ல வேண்டாம். பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆதாரம் இல்லை. 'ஆதி காலப் பலிச் சடங்கு' என்பதும் அப்படித்தான். அந்த ஊர்க்காரர் பண்டிகை நாளில் ஆடிப் பணம் சேர்த்தார்கள், தந்தையிடமிருந்து மகனுக்கு ஆட்டம் போனது. பிள்ளைகளுக்குச் சொல்ல அதுவே கனமான செய்தி.

1949இல் நியூகாசில் கிங்ஸ்மென் என்ற பல்கலைக்கழகக் குழு தொடங்கியது. வடகிழக்கின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005இல் மூடப்பட்டது. ஆட்டம் நிற்கவில்லை, இன்று பெண்களும் ஆடுகிறார்கள்.

அக்கரைப்பற்று_பொல்லடி:

டீச்சர், ஒரு யோசனை. பழக்குற காலத்துக்கு உருக்கு வேணாம். இங்கிலாந்தின்ட யோக்ஷயரில ஆடுற நீள்வாள் ஆட்டத்தை முதல்ல எடுங்க. வாள் வளையாது, கிட்டத்தட்ட 3 அடி. பிளம்பரோ எண்ட கரையூரில மீனவர் ஆடிவந்த ஆட்டத்தை எட்டுப் பேர் நீல ஜேர்சி போட்டு மரவாளோட ஆடுறாங்க. ஒன்றேகால் அங்குல அகலத்தில மெல்லிய மரச்சட்டம் சீவி எடுத்தாச் சரி. நம்ம கரையோரப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கிட்ட.

பொல்லடியோ வசந்தனோ பழகின பிள்ளைகளிட்ட ஒரு பிழை வரும். கம்பும் கம்பும் அடிபட்டதும் ஆள் விலகுவார். இங்க விலக இடமில்ல, ஆளை ஆள் பிடிச்சபடிதான். பின்னல் கோலாட்டத்தில கயிற்றை விடாம ஆடின பிள்ளை இருந்தா அவரை முதல் ஆளாப் போடுங்க. கோலத்தைச் சத்தமாச் சொல்லுறவர் அவராயிருக்கோணும்.

களுதாவளை_டீச்சர்:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். மரக்காலையில 30 மில்லிமீற்றர் பட்டை இருக்காம். அது அகலம் கூடிப்போகுமா? வாள் அஞ்சையும் பஸ்ஸில கொண்டு போகலாமா?

பட்டறைவேலை:

30 சரி. தடிப்பை மட்டும் வேர்னியரால அளந்து வாங்குங்க, 1.1க்கு மேல எண்டா வேணாம். ஆறு வாள் செய்யுங்க, ஒண்டு கைகாவலுக்கு. பஸ்ஸில எண்டா சுழலுற பிடிகளைக் கழட்டி, பட்டையைத் தனியாச் சாக்கில சுத்தி, அதிபரின்ட கடிதமும் கையில வச்சிருங்க. மேடைக்கு முதல் ஒவ்வொரு பட்டையையும் வெளிச்சத்துக்கு நேர வளைச்சு ரிவிற் ஓரத்தைப் பாருங்க. மயிர் மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அண்டைக்கு அந்த வாளை எடுக்க வேணாம்.