வெப்ஃப்ளக்ஸுக்கு மாத்தின பிறகு முந்தியைவிட மந்தம், எங்க பிழை?

பரந்தன்சந்தி:
அண்ணாமார், அக்காமார், வணக்கம். குளங்களின்ர நீர்மட்டத்தை உடனுக்குடன் காட்டுற வெப் அப் ஒண்டு. ஸ்பிறிங் பூட் (ஜாவா ஃப்றேம்வேர்க்), ஜேபிஏ (டேற்றாபேஸை ஜாவாவில இருந்து கையாளுற வழி), மைஎஸ்கியூஎல், 4 கோர் சேர்வர். த்றெட் காத்துநிக்காமல் ஓடுற வெப்ஃப்ளக்ஸுக்காகக் கொன்றோலர் எல்லாத்தையும் மோனோ (பிறகு வாற ஒரு பதில்), ஃப்ளக்ஸ் (தொடர்ந்து வாற பதில்கள்) எண்டு மாத்தியாச்சு. 30, 40 பேர் ஒண்டாத் திறந்தாப் பக்கம் இறுகுது. மற்றது, மட்டம் கூடினாக் கமக்கார அமைப்புக்கு எஸ்எம்எஸ் போகவேணும். ஒவ்வொரு அளவும் வரேக்க ஓடுற டூஒன்நெக்ஸ்ற்றுக்குள்ள, எஸ்எம்எஸ் சேவையைக் கூப்பிடுற வெப்கிளையன்ற் இருக்கு. பிழையும் காட்டேல்லை, எஸ்எம்எஸ்ஸும் போகேல்லை. மோனோ, ஃப்ளக்ஸ் எண்டு எழுதுற இந்த றியாக்டிவ் முறையை எதில இருந்து படிக்கிறது?

குளக்கட்டு:
தம்பி, தொடக்க லொக்கில எந்த வெப் சேர்வர் எண்டு இருக்கு, நெட்டியா, டொம்கற்றா? ஸ்ரார்ட்டர் வெப், ஸ்ரார்ட்டர் வெப்ஃப்ளக்ஸ் ரெண்டும் இருந்தா ஸ்பிறிங் பூட் வழமையான, டொம்கற்றில ஓடுற எம்விசியைத்தான் எடுக்கும்.

பரந்தன்சந்தி:
நெட்டி எண்டுதான் இருக்கு அண்ணை.

குளக்கட்டு:
அப்ப இடம் பிடிபட்டிட்டுது. டொம்கற்றில ஒரு றிக்குவெஸ்ற்றுக்கு ஒரு த்றெட் (ஒரு நேரத்தில ஒரு வேலை பார்க்கிற ஆள் மாதிரி), இயல்பா 200 வரைக்கும் போகும். நெட்டியில உங்கட சேர்வருக்கு வேலை செய்யிற த்றெட் 4தான். அது ஒருக்காலும் காத்துநிக்கக் கூடாது எண்ட நம்பிக்கையில கட்டினது. ஜேபிஏக்கு அடியில இருக்கிற ஜேடிபிசியோ டேற்றாபேஸ் பதில் சொல்லும்வரை த்றெட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஒரு குவெறி 200 மில்லிசெக்கன் எண்டா, ஒரு த்றெட் செக்கனுக்கு 5, நாலும் சேர்ந்து 20. மிச்சப்பேர் வரிசையில.

மோனோ.ஜஸ்ற்றுக்குள்ள ஃபைண்ட்ஓலை (எல்லாத்தையும் எடுக்கிற குவெறி) வைச்சிருப்பியள் எண்டு நினைக்கிறன். அப்பிடி எழுதினா, மோனோ உருவாக முந்தியே குவெறி அந்த நெட்டி த்றெட்டிலேயே ஓடி முடிஞ்சிடும். பின்னால சப்ஸ்கிறைப்ஒன் (வேற த்றெட்டில ஓடச் சொல்லுறது) போட்டும் பிரயோசனமில்லை. கேட்டாப் பிறகுதான் ஓடுற மோனோ.ஃப்றம்கோலபிளுக்குள்ள வைச்சு, சப்ஸ்கிறைப்ஒன்னில பவுண்டட்இலாஸ்ரிக்கைக் (காத்துநிக்கிற வேலைக்கான தனி த்றெட் தொகுதி) குடுங்கோ. எங்க அடைக்குது எண்டு தேடப் பிளொக்ஹவுண்ட் லைப்ரரியைப் போட்டா, நெட்டி த்றெட்டில காத்துநிக்கிற வரியை எக்செப்ஷனாக் காட்டும்.

எஸ்எம்எஸ் விசயம்: சப்ஸ்கிறைப் (ஓடு எண்டு கேக்கிறது) ஆகாத மோனோ, கடிதத்தை எழுதி மேசையில வைச்ச மாதிரி. டூஒன்நெக்ஸ்ற் தனக்குள்ள வாற மோனோவைக் கவனிக்கிறேல்லை. உள்ள வாற மோனோவையும் சப்ஸ்கிறைப் பண்ணுற ஃப்ளற்மப்புக்கு மாத்துங்கோ. உள்ளுக்கையே சப்ஸ்கிறைப் எண்டு எழுதி ஒப்பேத்த வேண்டாம், பிழை வந்தா வெளிச் சங்கிலிக்குத் தெரியவராது. ஃப்ளற்மப் இயல்பா 256ஐ ஒரே நேரத்தில விடும், எஸ்எம்எஸ் சேவை தாங்காது. ரெண்டாவது ஆர்கியூமென்றா 4 குடுங்கோ. வந்த ஒழுங்கிலேயே போகவேணும் எண்டா, ஒண்டு முடிஞ்சாப் பிறகு அடுத்ததை விடுற கொன்கற்மப்.

முல்லைக்கரை:
கணக்கு சரி, ஆனா ஒண்டு விடுபட்டிட்டுது. பவுண்டட்இலாஸ்ரிக் கோருக்கு 10 வீதம் 40 த்றெட் தரும்; டேற்றாபேஸ் கனெக்ஷனைப் பங்கிடுற ஹிக்காரி தாறது இயல்பா 10தான். அதே 200 மில்லிசெக்கன் குவெறிக்கு, 10 கனெக்ஷன் செக்கனுக்கு 50ஐத்தான் முடிக்கும். 20ஐவிட மேல்தான், ஆனா இதுக்காக முழுக்கோடையும் மோனோவாக்கத் தேவையில்லை.

ஜேபிஏயை விடேலாது எண்டா எம்விசிக்கே திரும்புங்கோ. ஜாவா 21, ஸ்பிறிங் பூட் 3.2 இருந்தா, ஸ்பிறிங்.த்றெட்ஸ்.வேர்ச்சுவல்.எனேபிள்ட் எண்டதை ட்றூ ஆக்கினாக் காணும், காத்துநிண்டாலும் பாரமில்லாத வேர்ச்சுவல் த்றெட்டில ஓடும். கனெக்ஷன் 10 எண்ட வரம்பு அங்கயும் இருக்கும். நீர்மட்டம் ஓடுற பக்கத்துக்கு மட்டும் ஃப்ளக்ஸைத் திருப்பி அனுப்பலாம், எம்விசி அதை ஏற்கும். முழுக்க றியாக்டிவ் வேணும் எண்டா ஆர்2டிபிசி (ஜேடிபிசிக்குப் பதிலா, த்றெட்டைப் பிடிச்சு வைக்காத வழி). அதில ஜேபிஏயின்ர லேசி லோடிங் (தேவைப்படேக்க மட்டும் தொடர்புள்ள டேற்றாவை எடுக்கிறது) கிடையாது.

படிக்கிறதை வெப் இல்லாமல் தொடங்குங்கோ. றியாக்டர்கோர் (மோனோ, ஃப்ளக்ஸ் இருக்கிற லைப்ரரி) மட்டும் போட்ட வெறும் மெயின் கிளாஸ். டிலேஎலிமென்ற்ஸ் (ஒவ்வொண்டையும் தாமதிச்சு விடுறது) போட்டா ஒண்டுமே பிறிண்ட் ஆகாது. அது ஓடுறது டீமன் த்றெட்டில, மெயின் முடிய புறோகிறாமும் முடிஞ்சிடும். அதைப் பார்த்துக் குழம்பாமல், றியாக்டர்ரெஸ்ற் லைப்ரரியையும் சேர்த்து, என்ன வருது எண்டு சரிபார்க்கிற ஸ்ரெப்வெரிஃபையரில ரெஸ்ற் எழுதிப் பழகுங்கோ.

பரந்தன்சந்தி:
நன்றி. ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் குறைஞ்ச ஃபோனில பார்க்கிற ஆளுக்கு டேற்றா தேங்காதா?

குளக்கட்டு:
அதுக்குத்தான் பக்பிறஷர். வயலுக்கு எவ்வளவு தண்ணி வேணுமோ அவ்வளவுக்குத் துருசு திறக்கிற மாதிரி, வாங்கிறவர் றிக்குவெஸ்ற் எண்டு எண்ணிக்கை சொல்லுவார், அனுப்பிறவர் அதுக்கு மேல விடமாட்டார். ஆனா சென்சர் மழை மாதிரி, நிப்பாட்டேலாது. நீர்மட்டத்துக்குக் கடைசி எண் போதும், ஒன்பக்பிறஷர்லேற்றஸ்ற் போடுங்கோ. எஸ்எம்எஸ் பாதையில அதைப் போட வேண்டாம், எச்சரிக்கை துலைஞ்சிடும். அங்க வரிசையில சேர்த்து வைக்கிற ஒன்பக்பிறஷர்பஃபர், அளவு குடுத்து.

முல்லைக்கரை:
எல்லாருக்கும் பரப்பச் சிங்க்ஸில (நாங்களே டேற்றாவைத் தள்ளிவிடுற வாசல்) மல்ற்றிகாஸ்ற் பஃபரை எடுத்தா, கடைசி ஆள் பக்கத்தை மூடினதும் சிங்க்கும் மூடிடும். பிறகு வாறவருக்கு ஒண்டும் வராது. றீப்ளே லேற்றஸ்ற் எடுங்கோ, புதுசாத் திறக்கிறவருக்கும் கடைசி மட்டம் உடனே தெரியும்.