வேனில் கைத்தொலைபேசித் தாங்கி நிற்கவில்லை: ஆலோசனை தேவை

வணக்கம். சிங்கப்பூரில், வாடகைக்கு எடுத்த டொயோட்டா ஹையேஸ் வேனில் தேக்காவிலிருந்து துவாஸ் பகுதி ஊழியர் விடுதிகளுக்கு நாள்தோறும் மதிய உணவு கொண்டு செல்கிறேன். கடந்த 3 வாரங்களாக, வழிகாட்டிச் செயலி இயங்கும் என் கைத்தொலைபேசி ஓட்டத்தின் நடுவே கீழே விழுந்துவிடுகிறது.

தாங்கியில் பொருத்திய கைத்தொலைபேசியில் வழி பார்ப்பது குற்றமன்று என்பதை அறிவேன். ஆனால் 2015 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வாகனம் நகரும்போது அதைக் கையில் பிடித்து இயக்கினால், அழைப்பானாலும் வரைபடமானாலும், முதல் முறைக்கே 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆகவே விழுந்ததை நான் எடுப்பதே இல்லை. விரைவுச்சாலையில் வெளியேறும் வழியைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்துமிடம் வரை சென்று திரும்புவதற்குள் சாம்பார் ஆறிவிடுகிறது.

முதலில் கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுவகைத் தாங்கியை வாங்கினேன்; நண்பகல் வெயிலில் அரை மணி நேரத்திற்குள் கழன்றது. இருபக்க ஒட்டுப்பட்டை சொரசொரப்பான முகப்புப் பலகையில் பிடிக்கவில்லை. குளிர்காற்றுத் துவாரத்தில் மாட்டிய கவ்வியோ, 202 கிராம் எடையுள்ள சாம்சங் கேலக்சி ஏ54 தாங்காமல் சாய்ந்து, திரை என் முழங்காலைப் பார்க்கிறது. வாடகை வண்டி என்பதால் துளையிட அனுமதியில்லை.

சாலையை மறைக்காமலும் துளையிடாமலும் ஹையேஸில் உறுதியாக நிற்கும் தாங்கியைப் பயன்படுத்துவோர், அது எவ்வகை, எந்த இடத்தில் பொருத்தியுள்ளீர்கள் என்று கூற முடியுமா?