பாப்பாவுக்கு என்ன பொம்மை வாங்கலாம்? (எங்கள் குடும்பக் குழுவில்)

அக்கா (சிட்னி): (படம்) ஜூலையில் பாப்பா டேகேரில் நெய்டாக் வாரம் வருகிறது, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைக் கொண்டாடும் வாரம். பூர்வகுடி மக்களைப் பற்றி வீட்டிலும் ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். இந்தப் பஞ்சு பொம்மை செட் வாங்கலாமா? கோலா, கங்காரு, வாம்பட், ஈமு, எக்கிட்னா. ஐந்தும் சேர்த்து ஆஃபரில் இருக்கிறது.

அம்மா (கோவை): அழகா இருக்குது கண்ணு. மேலெல்லாம் புள்ளிக் கோலம் போட்ட மாதிரி.

தம்பி (மெல்பர்ன்): அந்தப் புள்ளிதான் இடிக்கிறது அம்மா. அது நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்து மக்களின் ஓவிய முறை. 1971-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே பாபுன்யாவில் பெரியவர்கள் பலகையில் வரையத் தொடங்கினார்கள், அப்புறம்தான் வெளியே பரவியது. அந்தப் பக்கம் கோலாவே கிடையாது.

அக்கா: நாலு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு பார்க்கணுமாடா?

சித்தி (சிட்னி): பார்க்கணும். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் சென்டரில் இதுதான் பெரிய பேச்சு. 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்த நாடு இது. எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி போட்டு விற்றால், எல்லாரும் ஒரே கூட்டம் என்றுதான் குழந்தை நினைக்கும். நீ இருக்கும் டூங்காபி தாருக் மக்களின் மண். சிட்னியைச் சுற்றி மணற்பாறையில் செதுக்கிய கோட்டுருவங்கள்தான் அதிகம். கு-ரிங்-காய் சேஸ் பூங்காவில் பாறையில் ஒரு ஈமுவே இருக்கிறது, போய்ப் பார்.

அக்கா: அப்போ பொம்மையே வேண்டாமா சித்தி?

சித்தி: அப்படிச் சொல்லவில்லை. பொம்மை நல்லதுதான், குழந்தை கையில் பிடித்துக்கொண்டு கதை கேட்கும். லேபிளைத் திருப்பிப் பார். வரைந்த கலைஞர் பெயர், அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று இருக்க வேண்டும். அவருக்குப் பணம் போகிறதா என்று கடைக்காரரிடம் கேள். ‘பூர்வகுடி பாணி’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடு.

தம்பி: 2019-இல் ஒரு கம்பெனிக்கு ஃபெடரல் கோர்ட் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டதே. இந்தோனேசியாவில் செய்த பூமராங், டிஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழல் எல்லாவற்றையும் பூர்வகுடிகள் கையால் செய்தது போலக் காட்டி விற்றார்கள். 18,000 பொருளுக்கு மேல்!

அம்மா: அடப்பாவிகளா.

அக்கா: (படம்) என் செட் லேபிளில் யார் பெயரும் இல்லை. துவைக்கும் முறை மட்டும் நாலு மொழியில் இருக்கிறது.

சித்தி: 😄 செட்டை விடு. ஒரே ஒரு ஈமு வாங்கு. சப்ளை நேஷன் பட்டியலில் பூர்வகுடிகள் நடத்தும் கடைகள் இருக்கின்றன, அதில் தேடு.

அக்கா: ஏன் ஈமு? பாப்பா கோலாதான் கேட்கிறாள்.

சித்தி: சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது. கமிலராய், யுவாலயி மக்கள் பால்வீதியில் ஈமுவைப் பார்க்கிறார்கள். நட்சத்திரத்தை இணைத்து இல்லை, நடுவில் இருக்கும் கருப்புத் திட்டை. சிலுவை நட்சத்திரக் கூட்டத்துப் பக்கத்தில் இருக்கும் கரிய திட்டு அதன் தலை. ஏப்ரல், மே மாதத்தில் அது ஓடுவது போலத் தெரியும். ஜூன், ஜூலையில் கால் மறைந்து, ஆண் ஈமு அடைகாக்க உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். முட்டை எடுக்கும் காலத்தை வானத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

அம்மா: ஆணா அடைகாக்குது?

சித்தி: ஆமாம் அக்கா. எட்டு வாரம், சாப்பாடு தண்ணி இல்லாத மாதிரிதான் கிடக்கும். முட்டை கரும்பச்சை நிறம்.

அம்மா: மாப்பிள்ளைக்கு இந்தக் கதையை முதலில் சொல்லு கண்ணு.

அக்கா: 🤣🤣 சொல்லிட்டேன். முறைக்கிறார்.

தம்பி: நெய்டாக் வாரத்திலேயே வானத்திலும் காட்டலாம். சிட்னி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, ப்ளூ மவுண்டன்ஸ் தாண்டிப் போங்கள்.

சித்தி: இன்னொன்று. கதையை நீயாக இட்டுக்கட்டாதே, அந்த மக்களே எழுதிய படப்புத்தகங்கள் நூலகத்தில் கிடைக்கும். பூர்வகுடி மொழிகளின் பெரிய வரைபடம் ஒன்று உண்டு. எங்கள் சென்டரில் அதைப் பாய்க்குப் பக்கத்தில் ஒட்டி, எந்தக் கதை எந்த மண்ணுடையது என்று பொம்மையை அங்கே வைக்கச் சொல்வோம்.

அக்கா: சரி. ஈமு ஒன்று பார்த்துவிட்டேன், கலைஞர் பெயரும் ஊரும் போட்டிருக்கிறது. விலை மட்டும் செட்டுக்கே சமமாக இருக்கிறது.

தம்பி: பாதி நான் அனுப்புகிறேன்.

சித்தி: கண் தைத்ததா, ஒட்டியதா? ஒட்டியதென்றால் வேண்டாம், சின்னவன் பிய்த்து வாயில் போட்டுவிடுவான்.

அக்கா: தைத்ததுதான் சித்தி. ஆர்டர் போடுகிறேன்.

சித்தி: எங்கள் சென்டருக்கும் சேர்த்து ஒன்று போடு, பணம் தந்துவிடுகிறேன்.