வைன் ட்ரெயில்: தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர், திங்கள் இரவு

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஒரு பயண நிறுவனத்தின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இறங்கி, தெற்கே 270 கிலோமீட்டர் தள்ளியுள்ள மார்கரெட் ரிவர் வட்டாரத்துக்குப் போகும் பயணம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான்கு சொற்கள் இடிக்கின்றன: வைனரி (வைன் செய்யும் ஆலை), வைன் ட்ரெயில் (பயணிகள் அந்த ஆலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும் வழி), வைனரி அசோசியேஷன் (ஆலைக்காரர்களின் அமைப்பு), செல்லார் டோர்.

கடைசிச் சொல்லை "நிலவறைக் கதவு" என்று எழுதி அடித்துவிட்டேன். அது கதவே இல்லை. ஆலைக்கு வருபவர் மேசை முன் நின்று, ஐந்தாறு வகையை ஒவ்வொரு வாய் சுவைத்துப் பார்த்து, பிடித்ததைப் போத்தலில் வாங்கும் இடம். "சுவைக்கூடம்" சரியா? மற்றவற்றுக்கு மதுவாலை, மதுத்தடம், மதுவாலைச் சங்கம் என்று வைத்திருக்கிறேன்.

செந்தூல், அதே இரவு

தம்பி, "மது" மட்டும் வேண்டாம். என் தாத்தா கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் போனார். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. 1947-இல் கெடாவில் தொண்டர் படை அதற்காகவே நின்றது. "மதுத்தடம்" என்ற தலைப்பைப் பார்த்தால் என் அம்மா அடுத்த பக்கம் திருப்பமாட்டார். வைன் என்றே விடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

பினாங்கு, செவ்வாய் காலை

மகளே, நீங்கள் சொன்ன வலி உண்மை. அந்த வலி ஒட்டாத பழஞ்சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: தேறல். தேறு என்றால் தெளி. வண்டல் அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்களே, அந்தத் தொழிலே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. புறநானூறு 56-இல் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" வருகிறது. அது கப்பலில் வந்த வைன்தான். 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அப்படி வைன் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் பெயர் வைத்துவிட்ட பொருளுக்கு இன்று ஏன் ஆங்கிலப் பெயர்?

ட்ரெயில் என்பதற்கு "சாலை" வைக்காதீர்கள். ஜெர்மானியர் 1935-இல் 85 கிலோமீட்டருக்குத் திறந்ததை வைன் சாலை என்றுதான் அழைக்கிறார்கள். நமக்கோ சாலை கட்டடமும் ஆகும்: தொழிற்சாலை, பாடசாலை. "தேறல்சாலை" குடிக்கிற இடமாகிவிடும். "உலா"வும் பொருந்தாது. உலாவில் தலைவன் வீதியில் வருவான், பார்ப்பவர் நின்ற இடத்தில் நிற்பார். இங்கே பயணியல்லவா நகர்கிறான்? நமக்கு முன்மாதிரி ஆற்றுப்படை. போய் வந்தவன் போகிறவனுக்கு வழி சொல்கிறான், எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்கிறான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் வந்ததும் "நுளைமகள் அரித்த பழம்படு தேறல்". அரித்தது, பழகியது, வழியில் கிடைப்பது! ஆகவே தேறல்வழி. ஆலையர் அமைப்புக்கு, வணிகர் குழுவைக் குறித்த "நிகமம்" என்பேன். மாங்குளம் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர் இருக்கிறார்கள்.

பட்டர்வொர்த், செவ்வாய் மாலை

ஐயா, நிகமம் வடசொல். அதை ஏற்றால் "மது"வை விலக்க இலக்கணக் காரணம் இல்லாமல் போகும். தேறல் அழகான சொல். ஆனால் இன்று ஐந்தாம் படிவ வகுப்பில் கரும்பலகையில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிப் பொருள் கேட்டேன். பெரும்பாலோர் தேர்ச்சி என்று எழுதினார்கள். ஒரு மாணவி "எஸ்பிஎம்மில் தேறுவது" என்றாள், ஆண்டிறுதித் தேர்வை நினைத்து. திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று யாரும் தொடங்கவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை, இங்கே முந்திரி என்றால் கஜூஸ்.

பிரிக்பீல்ட்ஸ், புதன்

அமைப்பைப் பற்றி ஒரு விளக்கம், அதில்தான் எனக்குக் குழப்பம். பெரும்பாலும் தடத்தை உருவாக்குவதே அதுதான். தனித்தனியே போட்டி போடும் ஆலைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே வரைபடம் போடுகிறார்கள், சாலையோரம் ஒரே மாதிரிப் பலகை நடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் தடம் 1971-இல் ஆலைக்காரர்களே சேர்ந்து தொடங்கியது. நாப்பா பள்ளத்தாக்கில் 1944-லேயே ஏழு பேர் கூடி அமைப்பு வைத்தார்கள். இதற்குச் "சங்கம்" போதுமா? நம் ஊரில் சங்கம் என்றால் மரண உதவிச் சங்கம், கோயில் சங்கம். சந்தா, ஆண்டுக்கூட்டம் நினைவுக்கு வருகிறது.

செந்தூல், புதன்

அவர்களும் சந்தா கட்டுகிறவர்கள்தானே, தம்பி? சங்கமே சரி.

பிரிக்பீல்ட்ஸ், வியாழன் நள்ளிரவு

பதில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் சொன்னபடி முடிக்கிறேன்: வைன் ஆலை, வைன் தடம், வைன் ஆலையர் சங்கம், சுவைக்கூடம். இனி மாற்ற நேரமில்லை. வரைவை இணைத்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அனைவருக்கும் நன்றி.

பினாங்கு, வெள்ளி விடியற்காலை

பெரும்பாலோரில் என்னைச் சேர்க்க வேண்டாம். மறுபதிப்பு வரும்போது தேறல்வழிக்காக மீண்டும் எழுதுவேன். அச்சுக்குப் போகுமுன் ஒன்று மட்டும்: 14-ஆம் பக்கத்தில் "வடிகட்டப்பட்ட வைன்" என்று இருக்கிறது. "அரித்த வைன்" என்று மாற்றுங்கள். தேங்காய்ப் பாலையும் நாம் அரிக்கத்தானே செய்கிறோம், பிள்ளைகளுக்கும் புரியும்.

பிரிக்பீல்ட்ஸ், வெள்ளி காலை 8.10

மாற்றிவிட்டேன், ஐயா.