மாதச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் காசைப் பள்ளிக்கே கொடுத்தால் என்ன?

திருநகர், 1991 பேட்ச்

அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம். வாட்ஸ்அப் குழுவில் நீளமாகப் பேச முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன ஞாயிறு நம் பள்ளி முன்னாள் மாணவர் மன்றத்தின் மாதச் சாப்பாட்டுக்கு 42 பேர் வந்தோம். தலைக்கு 650 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 28,665. பில் என் கையில் இருக்கிறது. இதே கணக்கில் போனால் வருடத்துக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டும். போன வருடம் முழுக்கப் பள்ளிக்கு நாம் செய்தது 61,000 ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம். மன்றத்தின் விதிமுறைப் புத்தகத்தில் முதல் நோக்கமாக எழுதியிருப்பது 'பள்ளிக்கும் மாணவர்க்கும் உதவுதல்'. சாப்பாடு எட்டாவதாக வருகிறது.

அந்த நோட்டு கொடுத்த நாளும் மனதை விட்டுப் போகவில்லை. ஜூன் மாத வெயில். பத்தரை மணி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். சிறப்பு விருந்தினர் வர முக்கால் மணி நேரம் தாமதம். பேனரின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்த நோட்டுப் புத்தகக் கட்டைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்து, மறுபடி படம் எடுத்தார்கள். மூன்றாம் தடவை அவன் கேமராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். நானும் அந்த மேடையில்தான் நின்றேன்.

சாப்பாட்டை ஒரு வருடம் நிறுத்துவோம். அந்தக் காசைப் பள்ளிக்குக் கொடுப்போம். இதுதான் என் கோரிக்கை.

எல்லீஸ்நகர், 1974 பேட்ச்

தம்பி, நோட்டு கொடுத்த விதம் தப்பு. அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. சாப்பாட்டில் கை வைக்காதே.

அந்த 28,665 மன்றத்துக் காசு இல்லை. வந்தவர்கள் அவரவர் பையிலிருந்து கொடுத்தது. சாப்பாட்டை நிறுத்தினால் அந்தக் காசு பள்ளிக்குப் போகும் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? அவரவர் வீட்டில்தான் இருக்கும். கோவிட் சமயத்தில் ஒன்றரை வருடம் சாப்பாடு நடக்கவில்லையே, நன்கொடை கூடியதா? பொருளாளரைக் கேட்டுப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் வீட்டுக்காரி போய் மூன்று வருடம் ஆகிறது. பையன் பெங்களூரில், பெண் ஓசூரில். மாதத்தில் இருபத்தொன்பது நாள் நான் தனியாகச் சாப்பிடுகிறேன். இரண்டாம் ஞாயிறு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவேன். அங்கேதான் என்னை 'டேய்' என்று கூப்பிட ஆள் இருக்கிறது.

போன தை மாதச் சாப்பாடு நினைவிருக்கிறதா? என் பேட்ச் ஆள் ஒருவன் ரசத் தம்ளரை எடுக்கிறான், நழுவுகிறது. மறுபடி எடுக்கிறான், மறுபடி நழுவுகிறது. நாங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். எதிர்ப் பந்தியில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா எழுந்து வந்து அவனைச் சிரிக்கச் சொன்னார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவனும் தனிக்கட்டைதான். வீட்டில் இருந்திருந்தால் திங்கட்கிழமை பால்காரர்தான் பார்த்திருப்பார்.

திருநகர், 1991 பேட்ச்

அண்ணே, அந்தச் சம்பவத்தின்போது நானும் இருந்தேன். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அன்று அவரைக் காப்பாற்றியது ஏசி ஹாலும் பனீர் பட்டர் மசாலாவும் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்ததுதான். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டிருந்தாலும் அந்த அம்மா எழுந்து வந்திருப்பார்.

நீங்கள் தனிமையைச் சொன்னீர்கள். வராதவர்களின் தனிமையையும் கொஞ்சம் யோசியுங்கள். என் பேட்ச் ஆள் ஒருவர் செல்லூரில் தறி ஓட்டுகிறார். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இரண்டு வருடமாக வரவில்லை. அவருக்கு 650 என்பது ஒரு நாள் கூலி. நாம் சந்திக்கிற இடத்தின் வாசலிலேயே ஒரு கட்டணம் வைத்துவிட்டு, எல்லோரும் ஒன்று என்று உள்ளே பேசுகிறோம்.

சிங்கப்பூர், 1998 பேட்ச்

நான் வருடத்துக்கு இரண்டு தடவை பணம் அனுப்புகிறவன். சாப்பாட்டுக்கு வர வாய்ப்பில்லை, அதனால் வேண்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது கணக்கு. நான் அனுப்பியதில் எவ்வளவு நோட்டு ஆனது, எவ்வளவு பேனர், மாலை, சால்வை ஆனது? ஆண்டு அறிக்கையில் 'விழாச் செலவு' என்று ஒரே வரி இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுகிறவர்கூட ஐம்பது ரூபாயை ஊர்ப் பெயரோடு எழுதுவார். நான் தப்பாக யாரையும் சொல்லவில்லை, ஆனால் தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருக்க முடியவில்லை.

கே.கே.நகர், 1986 பேட்ச் (வரி ஆலோசகர்)

கணக்கு என்று வந்ததால் நான் பேச வேண்டியதாகிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காததைச் சொல்லப்போகிறேன்.

நம் மன்றம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. வருமான வரியில் அறச் சங்கமாகவும் பதிவு இருக்கிறது, நன்கொடை தருபவருக்கு வரி விலக்குத் தரும் 80ஜி பதிவும் இருக்கிறது. அதாவது அரசாங்கம் நமக்கு வரிச் சலுகை தருவது அறப்பணிக்காக. உறுப்பினர்கள் கூடிச் சாப்பிடுவது அறப்பணி ஆகாது. எல்லீஸ்நகர் அண்ணன் சொன்னபடி அவரவர் காசில் சாப்பிட்டால் தப்பே இல்லை. ஆனால் அந்தக் காசு மன்றத்தின் கணக்கு வழியாக வந்து போகிறது. ஆள் குறைந்த மாதங்களில் ஓட்டலுக்குக் கொடுத்த முன்பணம் மன்ற நிதியிலிருந்து ஈடுகட்டப்பட்டிருக்கிறது. போன வருடம் இப்படி நான்கு மாதம். தொகை சின்னது, வழக்கம் கெட்டது.

அப்புறம், ஆண்டுச் சந்தாவுக்கு 80ஜி ரசீது கேட்டுச் சிலர் பொருளாளரை நெருக்குகிறார்கள். சந்தா நன்கொடை ஆகாது, ரசீது தரக் கூடாது. நன்கொடையே ஆனாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு 80ஜி கிடையவே கிடையாது.

சிங்கப்பூர்த் தம்பிக்குத் தனியாக ஒரு கேள்வி: நீங்கள் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டீர்களா? இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும் அது வெளிநாட்டு நிதி. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் தனிக் கணக்கு வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை.

சிங்கப்பூர், 1998 பேட்ச்

பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு அனுமதிதான் அண்ணே, பாஸ்போர்ட் இந்தியாதான். ஆனால் மனைவி, பிள்ளைகளோடு அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதாக இருக்கிறேன். நல்லவேளை சொன்னீர்கள். பணம் அனுப்புகிற ஆறு வருடத்தில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். நான் விலகிப் போக விரும்பவில்லை.

பேராவூரணி, 2003 பேட்ச்

எங்கள் அப்பா ஊர்ப் பக்கம் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு எல்லாம் அதே பேச்சுதான். கறிச்சோறு போட்டு, மொய் வாங்கி, அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. சாப்பாடும் உதவியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இங்கே பேசுவது எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு சின்னச் சாப்பாட்டுக்குப் பதில் வருடத்துக்கு ஒரு பெரிய விருந்து வைப்போம். வருகிறவர்கள் இஷ்டப்பட்டதை மொய் எழுதட்டும். அவ்வளவும் பள்ளிக்கு.

கே.கே.நகர், 1986 பேட்ச் (வரி ஆலோசகர்)

தம்பி, மொய் விருந்தின் உயிரே திருப்பிச் செய்வதில்தான் இருக்கிறது. உனக்கு ஆயிரம் எழுதினால் எனக்கு நீ ஆயிரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். அது கைமாற்று. ஊர் முன்னால் வாங்குகிற கைமாற்று, அதனால் நாணயமாக நடக்கிறது. பள்ளிக்குக் கொடுப்பது திரும்பி வராது, வரவும் கூடாது. இன்னொன்று, எல்லோர் முன்னிலும் தொகையை எழுதினால் செல்லூர்க்காரர் அன்றைக்கும் வர மாட்டார்.

தெப்பக்குளம், 1995 பேட்ச் (அரசுப் பள்ளித் தமிழாசிரியை)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்குக் கொடுப்போம், பள்ளிக்குக் கொடுப்போம் என்கிறீர்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நோட்டுப் புத்தகம் அரசே தருகிறது, பாடநூலும் சீருடையும் தருகிறது. நாம் கொடுத்த நோட்டு வீண் என்று சொல்லவில்லை, மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதாமல்தான் இருக்கும். ஆனால் ஓட்டை இருக்கும் இடம் வேறு. 2022 செப்டம்பரில் நம் மதுரையில், சிம்மக்கல் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவு இன்றைக்குப் பத்தாம் வகுப்பு வரை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்கு இரண்டும் இல்லை. பதினாறு பதினேழு வயதில்தான் பசி அதிகம்.

டிசம்பர் பிறந்தால் சிறப்பு வகுப்பு. மாலை ஆறு மணி வரை இருப்பார்கள். என் வகுப்பில் ஒரு பெண் நாலரை மணிக்குத் தண்ணீர் பாட்டிலை நிரப்பி ஒரே மூச்சில் குடிப்பாள், திரும்பப் போய் இன்னொரு தடவை நிரப்புவாள். தாகம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் என் பையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை மடித்துத் தம்பிக்கு என்று வைத்துக்கொண்டாள். அன்று அவள் தண்ணீருக்குப் போகவில்லை.

நம் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் டூவில் 110 பேர். தலைமையாசிரியரிடம் பேசினேன். மாலையில் ஆளுக்கு ஒரு தட்டு சுண்டல் என்றால் ஒரு நாளைக்கு நாலரைக் கிலோ கொண்டைக்கடலை. தேங்காய், எண்ணெய், கேஸ், சமைக்கிற அம்மாவுக்குக் கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடியும். மார்ச் முதலில் தேர்வு. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அறுபது நாள் வைத்துக்கொண்டால் 54,000. நாம் நோட்டுக்குச் செய்ததைவிடக் குறைவு. பேனர் வேண்டாம், விருந்தினர் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அதில் ஒருவர் உட்கார்ந்தால் இந்தத் தேவைகள் நம் காதுக்குத் தானாக வரும்.

சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி நான் ஓட்டுப் போட மாட்டேன். ஒவ்வொரு மாதமும் கைகழுவிவிட்டு வந்த பிறகு, அடுத்த மாதம் பள்ளிக்கு என்ன என்று அரை மணி நேரம் பேச வேண்டும். இப்போது கைகழுவினால் வண்டிச் சாவியைத்தான் தேடுகிறோம்.

திருநகர், 1991 பேட்ச்

அக்கா, சுண்டலுக்கு என் பங்கு பத்து நாள், 9,000. இன்றைக்கே அனுப்புகிறேன். ஆனால் ஓட்டல் விஷயத்தில் நான் மாறவில்லை. பள்ளி வளாகத்தில் வைத்துச் சாப்பிட்டால் தலைக்கு 150-இல் முடியும், வராதவர்கள் வருவார்கள்.

எல்லீஸ்நகர், 1974 பேட்ச்

எனக்கும் பத்து நாள் எழுதிக்கொள்ளம்மா.

வளாகத்தில் சாப்பிடலாம் என்கிறாய் தம்பி. பந்தியில் தரையில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது. எங்கள் வயதில் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் கழிப்பறை வேண்டும், வெஸ்டர்ன் வேண்டும். பள்ளியில் அது இருக்கிறதா? சொகுசுக்காக ஓட்டலைத் தேடவில்லை.

செல்லூர், 1991 பேட்ச்

என்னைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது என்று மகள் காட்டினாள். அவளைத்தான் டைப் அடிக்கச் சொல்லிச் சொல்கிறேன்.

திருநகர்க்காரா, நீ நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 650 கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நான் வராமல் போனதற்கு அது மட்டும் காரணம் இல்லை. ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் கறி எடுப்போம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். அதை விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை. இன்னொன்று, கடைசியாக வந்தபோது பந்தி முழுக்க யார் பையன் எந்த நாட்டில் என்ற பேச்சுதான் ஓடியது. எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை.

எனக்காக யாரும் விலையைக் குறைக்க வேண்டாம், எனக்குப் பதிலாக யாரும் கட்டவும் வேண்டாம். எல்லீஸ்நகர் அண்ணன் ஓட்டலிலேயே சாப்பிடட்டும், அவர் வயதுக்கு அதுதான் சரி. சாயங்காலச் சுண்டலுக்குப் பரிமாற ஆள் வேண்டுமா, டீச்சரைக் கேட்டுச் சொல்லுங்கள். தறியை நாலு மணிக்கு நிறுத்திவிட்டு வாரத்தில் இரண்டு நாள் என்னால் வர முடியும்.

தெப்பக்குளம், 1995 பேட்ச் (அரசுப் பள்ளித் தமிழாசிரியை)

வேண்டும் அண்ணே. செவ்வாயும் வெள்ளியும் உங்கள் பெயரை எழுதிவிட்டேன்.

மற்ற நாள்களுக்கு யார் என்று இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். பெரிய அண்டா ஒன்றும் வேண்டும். டிசம்பர் 1 திங்கட்கிழமை, கடலையை ஞாயிறு ராத்திரியே ஊறப் போட வேண்டும்.